பழைய போட் மோட்டார் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எங்கிட்ட 14 அடி ஃபைபர் போட்டு ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் துடுப்பு போட்டுத்தான் ஓட்டிட்டிருக்கேன். இப்ப ஒருத்தர் போட்டுக்கு பின்னாடி மாட்டுற பழைய அவுட்போர்டு மோட்டார் ஒண்ணு குடுக்குறேன்னு சொல்றாரு. 15 எச்பி, 2 ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 1990கள்ல வந்ததாம். ரெண்டு மூணு வருஷமா ஓட்டாம ஷெட்லயே கெடக்கு, ஆனா கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆயிடும்னு சொல்லி என் எதிர்லயே ஷெட்ல வச்சு ஸ்டார்ட் பண்ணியும் காமிச்சாரு, புகை கொஞ்சம் ஜாஸ்தி, சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. மேல்மூடிக்கு புது பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருக்காரு. விலை புது மோட்டார் விலைல மூணுல ஒரு பங்குதான். வீட்ல அவங்க என்னடான்னா புள்ளைங்கள ஏத்திட்டு போற போட்டு, சின்னதா இருந்தாலும் புதுசா வாங்குங்கன்னு சொல்றாங்க. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்ளோதான். எதப் பாத்து முடிவு பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல ஒண்ணு கேக்குறேன், ஷெட்ல ஸ்டார்ட் பண்ணாரே, அப்ப மோட்டாருக்கு தண்ணி குடுத்தாரா? கீழ்ப்பகுதி ட்ரம் தண்ணிக்குள்ள நின்னுச்சா, இல்ல பைப் மாட்டி தண்ணி விட்டாரா, இல்ல சும்மா ஸ்டாண்டுல மாட்டி வச்சு கயிற இழுத்தாரா? இத ஏன் கேக்குறேன்னா, அவுட்போர்டு மோட்டார கூலா வைக்கிறது கீழ இருக்கற ஒரு சின்ன ரப்பர் சக்கரம், இம்பெல்லர்னு சொல்லுவாங்க, அதுதான் வெளித்தண்ணிய உறிஞ்சி மேல சிலிண்டருக்கு அனுப்பும். அந்த ரப்பருக்கு தண்ணியேதான் வழவழப்பு. தண்ணி இல்லாம சுத்துனா ஒரு நிமிஷத்துக்குள்ளயே அதோட இறக்கை தேஞ்சு கருகிப் போக வாய்ப்பிருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் இப்படி ட்ரையா ஸ்டார்ட் பண்ணி காமிக்கிற ஆளா இருந்தா, இம்பெல்லர் போச்சுன்னே வச்சுக்குங்க, அது சின்ன செலவுதான், ஆனா மோட்டார அவர் எப்படி வச்சிருந்திருப்பாருங்கறதும் அதுலயே தெரிஞ்சுடுதுல்ல.

அடுத்து, ஸ்டார்ட் ஆகுது, சத்தம் நல்லாருக்குங்கறத கணக்குலயே எடுத்துக்காதீங்க. லோடு இல்லாம சும்மா நிக்கிற ரெண்டு சிலிண்டர் 2 ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர் பாதி செத்துப்போயிருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், ஐடில்ல ஓடும். போட்டுல மாட்டி நாலு பேர ஏத்தி ஆக்சிலேட்டர முறுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். கொஞ்ச வருஷமா ஓடாத 2 ஸ்ட்ரோக் மொதல்ல கொஞ்சம் புகை விடுறது சகஜம், உள்ள தங்குன ஆயில் எரியும், அதுக்காக பயப்பட வேணாம். புது பெயிண்ட் பளபளப்பையும் ஒரு ஓரமா வைங்க, அத பத்தி பின்னாடி சொல்றேன்.

வயசப் பாத்தும் பயப்படாதீங்க. 1990கள்ல வந்த சின்ன 2 ஸ்ட்ரோக் மோட்டாருங்க ரொம்ப எளிமையானது, கார்புரேட்டர், பிளக்குக்கு கரண்ட் அனுப்புற சிடிஐ, ரெண்டு பிளக்கு, அவ்ளோதான், கம்ப்யூட்டரு சென்சாருன்னு எதுவும் கெடையாது, ஒழுங்கா நல்ல தண்ணில கழுவி வச்சிருந்தா 30 வருஷம் ஆனாலும் நல்லா ஓடும். அதே மாடல் மோட்டாரு உப்புத்தண்ணில ஓடி கழுவாம அப்படியே நிறுத்தி வச்சிருந்தா அஞ்சே வருஷத்துல உள்ள தண்ணி போற வழியெல்லாம் உப்பு அடைச்சு போல்ட்டெல்லாம் இறுகி உதவாம போயிடும். அதனால எந்த வருஷ மோட்டாருன்னு கேக்குறதோட, எந்த தண்ணில ஓடுச்சு, ஓட்டி முடிச்சு என்ன பண்ணீங்கன்னும் கேளுங்க.

இப்ப நேர்ல போய் என்ன பாக்கணும்னு சொல்றேன். போறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஒண்ணு சொல்லிருங்க, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு. போனதும் மூடியத் திறந்து சிலிண்டர் மேல கை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா, சூடு பண்ணாம ஸ்டார்ட் ஆகாதுன்னு அவருக்கே தெரியும்னு அர்த்தம்.

முதல் வேலை கியர் ஆயில். இதுக்கு ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர் போதும், மெக்கானிக் வேலை தெரிஞ்சிருக்க வேணாம். ப்ரொப்பல்லர் இருக்கற கீழ்ப்பகுதிதான் கியர் பாக்ஸ், அதோட அடில ஒரு ஸ்க்ரூ இருக்கும், கொஞ்சம் மேல இன்னொண்ணு இருக்கும். மோட்டார நேரா நிமித்தி ரொம்ப நேரம் அசையாம வச்சிருந்தா, உள்ள தண்ணி போயிருக்கறபட்சத்துல அது ஆயில விட கனம்னால அடில போய் தேங்கி நிக்கும். மேல் ஸ்க்ரூவத் தொடாம அடி ஸ்க்ரூவ மட்டும் மெதுவா லூஸ் பண்ணுங்க, மேல காத்து போக வழி இல்லாததால ஆயில் கொட்டாது, சொட்டு சொட்டாத்தான் வரும். அந்த மொத சொட்ட விரல்ல வாங்கிப் பாருங்க. ஆயில் வந்தா நல்லது. பச்சத்தண்ணி வந்தாலோ, இல்ல பால் கலந்தாப்புல வெள்ளையா வந்தாலோ சீல் போயிருக்கு, எப்பேர்ந்து போச்சோ தெரியாது, அவ்ளோ நாளும் பேரிங்கும் கியரும் தண்ணிலதான் ஊறிட்டிருக்கு. ஸ்க்ரூ நுனில காந்தம் வச்சிருந்தா அதையும் பாருங்க, மாவு மாதிரி கருப்பா பசை ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், சில்லு சில்லா இரும்புத்துண்டு ஒட்டியிருந்தா கியர் பல்லு உடைஞ்சிருக்கு, அதோட கிளம்பிடுங்க.

இதுல ஒரு எச்சரிக்கை. பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார் சிலதுல அந்த அடி ஸ்க்ரூவுக்கு, ட்ரெயின் ஸ்க்ரூன்னு சொல்லுவாங்க, பக்கத்துலயே பிளஸ் தலை வச்ச இன்னொரு ஸ்க்ரூ இருக்கும், அது ஆயில் ஸ்க்ரூ கெடையாது, உள்ள கியர் மாத்துற பாகத்த பிடிச்சிட்டிருக்கற பின்னு. அதக் கழட்டிட்டா உள்ள இருக்கறது நழுவிடும், கியர் பாக்ஸ பிரிச்சாத்தான் மறுபடி சேர்க்க முடியும். எது ட்ரெயின்னு சந்தேகமா இருந்தா அவரையே கழட்டச் சொல்லுங்க. "அதெல்லாம் எதுக்கு கழட்டணும், நல்லாத்தான் இருக்கு"ன்னு அவர் மழுப்புனா நீங்க மேற்கொண்டு எதையும் பாக்க வேண்டியதில்ல, கிளம்பலாம்.

ரெண்டாவது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் காத்த எவ்ளோ அழுத்தமா அமுக்குதுங்கறது. இதுக்கு அழுத்தம் அளக்கற கேஜ் வேணும், ஓசிலயோ வாடகைலயோ வாங்கிக்குங்க, இல்ல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, அவருக்கு குடுக்குற கூலி வீண் போகாது. ரெண்டு பிளக்கையும் கழட்டிட்டு, அவசரத்துக்கு எஞ்சின நிறுத்துற கில் ஸ்விட்ச் கயிற எடுத்துட்டு, பிளக் ஒயர் ரெண்டையும் எஞ்சின் பாடில எர்த் பண்ணிட்டு, ஆக்சிலேட்டர முழுசா திறந்து வச்சு, ஒரு சிலிண்டர்ல கேஜ மாட்டி முள்ளு ஏறாம நிக்கிற வரைக்கும் கயிற நல்லா வேகமா இழுக்கணும். அப்புறம் அடுத்த சிலிண்டர். இந்த சைஸ் பழைய 2 ஸ்ட்ரோக்ல பொதுவா 90-லேர்ந்து 120 பிஎஸ்ஐ வாக்குல காட்டும், ஆனா கேஜுக்கு கேஜு, இழுக்குற ஆளுக்கு ஆளு அது மாறும், அதனால நம்பர விட ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்ததான் பாக்கணும். 110, 105 வந்தா சந்தோஷமா அடுத்த வேலைக்கு போங்க. 110, 80 வந்தா ஒரு பக்கம் ரிங்கோ சிலிண்டரோ போயிருக்கு, இல்ல ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறதுதான் மெக்கானிக்குங்க வச்சிருக்கற கணக்கு, பழசுன்னு பாத்து 15 வரைக்கும் சிலர் விடுவாங்க, அதுக்கு மேல போனா விடவே கூடாது. "கேஸ்கெட்தான், மாத்துனா சரியாயிடும்"னு அவர் சொன்னா, நல்லது, மாத்திக் காமிங்க அப்புறம் வர்றேன்னு சொல்லிட்டு வந்துருங்க.

கழட்டுன பிளக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அது நெறைய சொல்லும். ரெண்டும் ஒரே மாதிரி பழுப்பு நிறத்துல இருந்தா நல்லது. கருப்பா ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுது, இல்ல அந்தப் பக்கம் ஸ்பார்க் சரியில்ல. ஒண்ணு மட்டும் கழுவி விட்டாப்புல சுத்தமா இருந்தா அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போயிட்டிருக்கலாம். வெள்ளையா வெந்துபோய், மேல குட்டி குட்டியா வெள்ளிப் புள்ளி ஒட்டியிருந்தா, அது பிஸ்டன்லேர்ந்து உருகி வந்த அலுமினியம். அப்படி ஒரு பிளக்க பாத்தா வேற டெஸ்ட்டே வேணாம். ரெண்டும் கடைலேர்ந்து வந்த மாதிரி புத்தம்புதுசா இருந்தா, பழைய பிளக்கு எங்கன்னு கேளுங்க.

மூணாவதுதான் தண்ணி. மோட்டார உங்க போட்டுலயே மாட்டி, தண்ணில இறக்கி ஓட்டிப் பாக்காம பணம் குடுக்காதீங்க, இத மட்டும் எனக்காக கேளுங்க தம்பி. ட்ரம்ல ஓட்டுறது பாதி டெஸ்ட்டுதான். ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி சின்ன ஓட்டைலேர்ந்து தண்ணி பீச்சி அடிக்கும், அது ஒரே சீரா வரணும். அஞ்சு நிமிஷம் ஓடுனப்புறம் அதுல விரல நீட்டிப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்கு கொதிக்கக் கூடாது, ஏன்னா பல மோட்டார்ல தெர்மோஸ்டாட்ங்கற சூட்டு வால்வு 50, 60 டிகிரி செல்சியஸ் வாக்குலயே திறந்துடும். தண்ணி சன்னமா வந்தா "இம்பெல்லர் மாத்துனா போதும்"னு விக்கிறவங்க எல்லாருமே சொல்லுவாங்க. பல நேரம் அது உண்மையாவும் இருக்கும். ஆனா உப்புத்தண்ணி மோட்டாரா இருந்தா, உள்ள வழியெல்லாம் உப்பு கட்டியா அடைச்சிருக்கலாம், அப்ப புது இம்பெல்லர் போட்டாலும் தண்ணி வராது. அதுலயும் இன்னொரு கஷ்டம், இம்பெல்லர மாத்த கியர் பாக்ஸ கீழ இறக்கணும், அத பிடிச்சிருக்கறது அலுமினியத்துக்குள்ள இறங்குன ஸ்டெயின்லெஸ் போல்ட்டுங்க, ரெண்டு உலோகமும் உப்புத்தண்ணில சேர்ந்து அரிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஸ்பேனர் போட்டா தலை கையோட வந்துடும். அப்புறம் டிரில் போட்டு எடுக்கணும். சின்ன வேலைன்னு ஆரம்பிச்சது பெரிய செலவுல போய் நிக்கிறது பெரும்பாலும் இங்கதான். அதனால கேளுங்க, கடைசியா இம்பெல்லர எப்ப மாத்துனீங்கன்னு. போன வருஷம் மாத்துனேன்னு சொன்னா அந்த போல்ட்டுங்க கழண்டு வந்திருக்குன்னு அர்த்தம், அதுவே பாதி நிம்மதி. போல்ட் தலைல ஸ்பேனர் பட்ட தடம் இருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்குங்க.

தண்ணில ஓட்டும்போது மொதல்ல கியர் போட்டு மெதுவா கொஞ்ச நேரம் ஓட்டுங்க, நிக்காம ஓடணும். அப்புறம் ஆள ஏத்திட்டு முழு ஆக்சிலேட்டர்ல கொஞ்ச தூரம் போங்க. அப்ப டக்கு டக்குன்னு கியர் தானா நழுவி நழுவி மாட்டுச்சுன்னா உள்ள கியர் பிடிக்கற பல்லு மழுங்கியிருக்கு, அது பெரிய வேலை. எஞ்சின் மட்டும் கத்துது, போட்டு போக மாட்டேங்குதுன்னா ப்ரொப்பல்லருக்கு நடுவுல இருக்கற ரப்பர் புஷ் விட்டிருக்கலாம், அது சின்ன வேலை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கொஞ்ச தூரம் போனப்புறம் சக்தி குறைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னா சூடாகுதா, இல்ல பெட்ரோல் சரியா வரலையான்னு பாக்கணும். நல்லா சூடானப்புறம் ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இழுங்க, ஜில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி சூட்டுல ஆகாத மோட்டாருங்க நெறைய உண்டு. கில் ஸ்விட்ச் கயிற இழுத்தா உடனே நிக்கணும், கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவே கூடாது. புள்ளைங்க ஏறுற போட்டுங்கறதால இந்த ரெண்டையும் நீங்களே கையால செஞ்சு பாத்துருங்க, அவர் சொன்னாருன்னு விட்டுடாதீங்க.

பெயிண்ட் விஷயத்துக்கு வர்றேன். மேல்மூடிக்கு மட்டும் அடிச்சிருந்தா ஒண்ணுமில்ல, அழகுக்கு அடிச்சிருப்பாரு. உள்ள சிலிண்டர் மேலயும் கியர் பாக்ஸ்லயும் புதுசா அடிச்சிருந்தாத்தான் யோசிக்கணும். எஞ்சின் ஒருதரம் நல்லா சூடேறிப் போயிருந்தா சிலிண்டர் ஹெட்டுல இருக்கற பழைய பெயிண்ட் நிறம் மாறி கொப்பளிச்சிருக்கும், அத மறைக்கவும் பெயிண்ட் அடிப்பாங்க. கியர் பாக்ஸ்ல பெயிண்டுக்கு அடில முட்டு முட்டா உப்பியிருந்தா, தட்டுனா வெள்ளப் பொடியா கொட்டுனா, அலுமினியம் அரிச்சிட்டிருக்கு. கீழ மாட்டியிருக்கற ஆனோடப் பாருங்க, அதுவே அரிபட்டு மோட்டார காப்பாத்துறதுக்குன்னே இருக்கற உலோகக்கட்டி. பாதி கரைஞ்சிருந்தா அது வேலை செஞ்சிருக்கு, நல்லது. அது மேலயும் சேர்த்து பெயிண்ட் அடிச்சிருந்தா அது வேலையே செய்யாது, பெயிண்ட் அடிச்சவருக்கு மோட்டாரப் பத்தி ஒண்ணும் தெரியலன்னு புரிஞ்சுக்குங்க.

15 எச்பின்னு சொன்னீங்கல்ல, அத ஸ்டிக்கர்ல படிச்சீங்களா, பிளேட்டுல படிச்சீங்களா? பல கம்பெனில 9.9 எச்பியும் 15 எச்பியும் ஒரே பிளாக்குதான், கார்புரேட்டர் மாதிரி சிலது மட்டும்தான் வேற, வெளிய பாத்தா வித்தியாசமே தெரியாது, ஸ்டிக்கர் மாத்தி ஒட்டுறது ரெண்டு நிமிஷ வேலை. போட்டுல மாட்டுற பிராக்கெட்டுல இருக்கற பிளேட்டுல மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கும், அத ஃபோட்டோ எடுத்து மாடல தேடிப் பாருங்க. பிளேட்டே இல்ல, இல்ல நம்பர சுரண்டியிருக்குன்னா திருட்டு மோட்டாரா இருக்கலாம், எவ்ளோ மலிவா குடுத்தாலும் கை வைக்காதீங்க. அதே நம்பர வச்சு பார்ட்ஸ் கிடைக்குதான்னும் கடைல கேளுங்க, முக்கியமா இம்பெல்லர், ஹெட் கேஸ்கெட், கியர் பாக்ஸ் சீல், சிடிஐ இந்த நாலும். யமஹா, டொஹாட்சு, மெர்குரி மாதிரி இன்னும் மோட்டார் செய்யறவங்களோட சின்ன 2 ஸ்ட்ரோக்குன்னா பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. ஜான்சன், எவின்ரூட் செஞ்ச பழைய கம்பெனி 2000-லயே திவாலாச்சு, அப்புறம் வாங்கி நடத்துனவங்களும் 2020-ல எவின்ரூட் தயாரிப்ப நிறுத்திட்டாங்க, ஆனா அந்த மோட்டாருங்க அவ்ளோ வித்திருக்கறதால சாதாரண பார்ட்ஸ் வெளிக்கம்பெனி செஞ்சதாவது கிடைக்கும். சிக்கல் பேரே கேள்விப்படாத பிராண்டுலதான்.

இப்ப கணக்கு. எல்லா டெஸ்ட்லயும் பாஸ் ஆன மோட்டாருக்கே இம்பெல்லர், பிளக்கு, கியர் ஆயில், பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் கிட், தெர்மோஸ்டாட், ஆனோடு இத்தனையும் மாத்தியாகணும்னு வச்சுக்குங்க, ரெண்டு மூணு வருஷம் நின்ன மோட்டாருக்கு இது கட்டாயம். இதையும் கூலியையும் அவர் சொல்ற விலையோட கூட்டுங்க. அது புது மோட்டார் விலைல பாதிய தாண்டுச்சுன்னா நான் வாங்க மாட்டேன். உங்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு சொல்றாரு, எடம் இருக்கு, கியர் ஆயில், கம்ப்ரஷன், தண்ணி மூணும் சரியா இருந்தா தாராளமா வாங்குங்க. மூணுல ஒண்ணு சரியில்லன்னாலும் வீட்ல சொல்றத கேளுங்க, சின்னதா புதுசு வாங்குறதுதான் சரி. அவங்க பயப்படுறதுல நியாயம் இருக்கு, ரோட்டுல வண்டி நின்னா இறங்கி தள்ளலாம், தண்ணி நடுவுல மோட்டார் நின்னா காத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போட்டு. எது வாங்குனாலும் துடுப்பையும் ஒரு சின்ன நங்கூரத்தையும் போட்டுலேர்ந்து எடுத்துடாதீங்க, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டு விட்டுட்டுதான் கயிற இழுக்கணும்.

கேள்வி: அண்ணா, நானும் என் தம்பியும் சேர்ந்து பழைய மோட்டார் ஒண்ணு பாத்து வச்சிருக்கோம், மத்ததெல்லாம் ஓகே. லாங் ஷாஃப்ட், ஷார்ட் ஷாஃப்ட்னு சொல்றாங்களே, எங்க போட்டுக்கு எதுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? தப்பா வாங்கிட்டா என்ன ஆகும்?

பதில்: போட்டோட பின்பலகை இருக்குல்ல தங்கச்சி, மோட்டார் மாட்டுற எடம், அதோட மேல் விளிம்புலேர்ந்து அடிப்பக்கம் வரைக்கும் டேப் வச்சு அளங்க. 15 இன்ச் பக்கத்துல வந்தா ஷார்ட், 20 இன்ச் பக்கத்துல வந்தா லாங், 25 வந்தா எக்ஸ்ட்ரா லாங். மோட்டார மாட்டுனப்புறம் ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கற தட்டையான தகடு போட்டோட அடிமட்டத்துக்கு சரியாவோ ஒரு இன்ச் கீழயோ இருக்கணும். 20 இன்ச் பலகைல ஷார்ட் ஷாஃப்ட் மாட்டுனா ப்ரொப்பல்லர் மேலயே நின்னு காத்த உறிஞ்சும், அலை வந்தா தண்ணி உறிஞ்சுற ஓட்டையே வெளிய வந்து எஞ்சின் சூடாகும், அது ஆபத்து. ஷார்ட் பலகைல லாங் மாட்டுனா ஓடும், ஆனா ரொம்ப கீழ தொங்கி இழுவை அதிகமாகும், ஆழம் இல்லாத எடத்துல தட்டும். மோட்டார் எவ்ளோ மலிவா வந்தாலும் ஷாஃப்ட் அளவு பொருந்தலன்னா விட்டுருங்க. இன்னொண்ணு, போட்டுல அதிகபட்ச எச்பி எழுதுன தகடு இருந்தா அத மீறாதீங்க. பின்பலகை மரம் உள்ள ஊறிப்போயிருக்கான்னு தட்டிப் பாத்துட்டு மாட்டுங்க, 15 எச்பி 2 ஸ்ட்ரோக்கே 36 கிலோ வாக்குல வரும், 4 ஸ்ட்ரோக் அதுக்கும் மேல பத்து பதினஞ்சு கிலோ கூட.

கேள்வி: தாத்தா காலத்து 2 ஸ்ட்ரோக் மோட்டார் ஒண்ணு சும்மா குடுக்குறாங்க. பெட்ரோல்ல எவ்ளோ ஆயில் கலக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பைக்குக்கு ஊத்துற 2டி ஆயிலே போதுமா?

பதில்: மாடல் நம்பர வச்சு அந்த மோட்டாரோட மேனுவல தேடிப் பாருங்க, அதுல போட்டிருக்கறதுதான் கணக்கு. பிற்காலத்துல வந்த பெரும்பாலானது 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ரொம்ப பழசுல 24:1, 25:1னு இருக்கும், அதுக்கு 40 மில்லி வாக்குல. அந்தக் காலத்து மோட்டாருக்கு உள்ள இருக்கற புஷ்ஷும் பேரிங்கும் அவ்ளோ ஆயில நம்பியே செஞ்சது, புகை வருதேன்னு 50:1க்கு இறக்குனீங்கன்னா கொஞ்ச நாள்ல எஞ்சின் சுத்த முடியாம இறுகிப் பிடிச்சுக்கும். பைக் ஆயில் வேணாம். பைக் எஞ்சின் காத்துல ஆறுறது, நல்லா சூடா ஓடும், அந்த சூட்டுக்கு ஏத்த மாதிரி அந்த ஆயில்ல சாம்பல் விடுற கலவை சேர்த்திருப்பாங்க. அவுட்போர்டு தண்ணில ஆறுறது, சூடு கம்மி, அந்த சாம்பல் எரியாம பிஸ்டன் மேலயும் பிளக்குலயும் படிஞ்சிடும். டப்பால டிசி-டபிள்யூ3 னு போட்டிருக்கற ஆயில வாங்குங்க. இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், கார்புரேட்டர் வச்ச பழைய 2 ஸ்ட்ரோக் குடிக்கிற பெட்ரோல்ல கால் பங்குக்கு மேல எரியாமலே வெளிய தள்ளும், தண்ணிலதான் போய் சேரும். இதனாலயே சில ஏரிகள்ல இத ஓட்டவே விட மாட்டாங்க, நீங்க ஓட்டப்போற தண்ணில அனுமதி இருக்கான்னு கேட்டுட்டு தூக்கிட்டு வாங்க.

கேள்வி: நாலு வருஷம் ஓடுன 4 ஸ்ட்ரோக் மோட்டார், பாதி விலைக்கு கூட இல்ல, ரொம்ப மலிவு. போன மழைல போட்டோட சேர்ந்து கடல்ல மூழ்கிடுச்சாம், எடுத்து காய வச்சு வச்சிருக்காங்க. வாங்கி சர்வீஸ் பண்ணா ஓடுமா சார்?

பதில்: வேணாம் சார். உப்புத்தண்ணில மூழ்குன மோட்டார வெளிய எடுத்த சில மணி நேரத்துக்குள்ள நல்ல தண்ணில கழுவி, பழைய ஆயில எடுத்து புது ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருந்தா பொழைச்சிருக்கும். தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் கூட அவ்ளோ அரிக்காது, வெளிய எடுத்து காத்து பட்டதும்தான் துரு வேகமா பிடிக்கும். இவங்க காய வச்சது பொழைக்க வைக்கன்னு நெனச்சு செஞ்சது, ஆனா உள்ள பேரிங்கு, கிராங்க் எல்லாம் துரு ஏறியிருக்கும். ஓடிட்டிருக்கும்போதே மூழ்கியிருந்தா இன்னும் மோசம், சிலிண்டருக்குள்ள போன தண்ணிய அமுக்க முடியாம கனெக்டிங் ராடே வளைஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் வச்ச மோட்டாருன்னா ஒயரிங்கும் சேர்ந்து போச்சு. பார்ட்ஸுக்காக வேணும்னா மேல்மூடி, ப்ரொப்பல்லர், பிராக்கெட் விலைக்கு பேசிப் பாருங்க.

கேள்வி: பெட்ரோல் இன்ஜெக்ஷன் வச்ச 4 ஸ்ட்ரோக், 10 வருஷம் ஆச்சு, 150 மணி நேரம்தான் ஓடியிருக்குன்னு சொல்றாரு. நம்பலாமா?

பதில்: அவர் வாய்ல சொல்றத நம்ப வேண்டியதே இல்ல, இந்த மாதிரி மோட்டார் பலதுல உள்ள இருக்கற கம்ப்யூட்டரே ஓடுன நேரத்த எழுதி வச்சிருக்கும், எந்த வேகத்துல எவ்ளோ நேரம்ங்கறது கூட சிலதுல தெரியும், சர்வீஸ் சென்டர்ல லேப்டாப் மாட்டி எடுத்துக் குடுப்பாங்க. அந்த பேப்பர கேளுங்க. ஆனா 10 வருஷத்துல 150 மணி நேரம் உண்மையாவே இருந்தாலும் அத பெரிய பிளஸ்ஸா எடுத்துக்காதீங்க, வருஷத்துக்கு 15 மணி நேரம்னா மீதி நேரம் பூரா அது சும்மா நின்னிருக்கு, பழைய பெட்ரோல் இன்ஜெக்டர்லயும் பைப்லயும் பிசினா படிஞ்சிருக்கும், ரப்பர் எல்லாம் ஓடாமலே காஞ்சிருக்கும். ஆயில 100 மணி நேரத்துக்கு ஒருக்க இல்லன்னா வருஷத்துக்கு ஒருக்க, எது மொதல்ல வருதோ அப்ப மாத்தணும், அந்த பில்லு எதாவது வச்சிருக்காரான்னு பாருங்க. ஆயில் அளவு பாக்கற டிப் ஸ்டிக்க எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சு அளவும் மேல ஏறியிருந்தா பெட்ரோல் ஆயில்ல கலக்குது. பேப்பரும் சுத்தமா, ஆயிலும் சுத்தமா இருந்தா, மேல தம்பிக்கு சொன்ன கியர் ஆயில் டெஸ்ட்டையும் தண்ணி ஓட்டத்தையும் பாத்துட்டு வாங்கலாம். தூக்கிட்டு வரும்போது படுக்க வச்சா எந்தப் பக்கம் கீழ இருக்கணும்னு மோட்டார்லயோ மேனுவல்லயோ போட்டிருக்கும், மாத்தி படுக்க வச்சா கிராங்க் கேஸ் ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கிடும்.

கேள்வி: வாங்கிட்டேன் அண்ணே! டெஸ்ட் எல்லாம் பாஸ். 9.9 எச்பி, 2 ஸ்ட்ரோக், ஒரு வருஷம் நின்னது. முதல் தடவை வெளிய போறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்?

பதில்: ரொம்ப சந்தோஷம். டேங்குல இருக்கற பழைய பெட்ரோல ஒரு சொட்டு விடாம எடுத்துருங்க, எத்தனால் கலந்த பெட்ரோலா இருந்தா ஈரத்த இழுத்து அடில தண்ணி தனியா பிரிஞ்சு நிக்கும். ஹோஸையும் கைல அமுக்குற பம்ப் பல்பையும் புதுசா போட்டுருங்க. கார்புரேட்டர பிரிச்சு பெட்ரோல் போற ஜெட் ஓட்டைகள கிளீனர் அடிச்சு ஊதி விடுங்க, ஒரு ஜெட் பாதி அடைச்சிருந்தாலும் பெட்ரோலோட ஆயிலும் கம்மியாத்தானே போகும், பிஸ்டன் கருகிடும். இம்பெல்லர், கியர் ஆயில், ட்ரெயின் ஸ்க்ரூ வாஷர் மூணும் புதுசு. ப்ரொப்பல்லரக் கழட்டி பின்னாடி தூண்டில் நரம்பு சுத்தியிருக்கான்னு பாருங்க, அது சீல அறுத்துடும், ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் தடவி மாட்டுங்க. முதல் நாள் கரைய ஒட்டியே ஓட்டுங்க, துடுப்பால திரும்பி வர முடியற தூரம் வரைக்கும் போதும். அப்புறம் கரைக்கு வந்து மூடியத் திறந்து எங்கயாவது பெட்ரோல் கசியுதா, ஏதாவது நட்டு லூஸாயிருக்கான்னு பாத்துட்டு, பிராக்கெட் கிளாம்ப் ரெண்டையும் இன்னொருதரம் முறுக்கிட்டு, நல்ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவி வைங்க.